விற்றது வேறு, கேட்டது வேறு

அடுத்த வாரம் எந்தப் பொருள் எவ்வளவு தேவைப்படும்? கடை நடத்தும் எவரும் தப்பிக்க முடியாத கேள்வி இது. பெடாஸ் வட்டாரத் தோட்டங்களில் அந்நாளில் மளிகைக்கடை வைத்திருந்தவர்கள் இதற்கான விடையை மனக்கணக்காகவே வைத்திருந்தார்கள். சம்பளம் போட்ட மறுநாள் என்ன விற்கும், மழையால் மரம் சீவ முடியாத வாரத்தில் எது கடனில் போகும், ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் குறைந்து வருமானம் சுருங்கும்போது எதைக் குறைவாக வாங்கிப் போட வேண்டும், கோயில் திருவிழாவுக்கு எத்தனை மூட்டை அரிசி கூடுதலாக வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கையில் இருந்த ஒரே ஆவணம் 555 புத்தகம். யார் என்ன வாங்கினார், பாக்கி எவ்வளவு என்பது மட்டும்தான் அதில் இருக்கும்.

இன்று அந்த வேலை கணினியிடம் போய்க்கொண்டிருக்கிறது. பேரங்காடிகளின் கிடங்குகளில் எந்தப் பொருளை எப்போது, எவ்வளவு வாங்குவது என்பதைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம், அதாவது ‘ஏஐ ஏஜெண்ட்’டுகளிடம், ஒப்படைக்கும் முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. கல்லூரி முடித்து வெளிவரும்போது நம் மாணவர்களில் பலர் இத்தகைய கிடங்குகளில்தான் வேலைக்குச் சேரப்போகிறார்கள். பெடாஸிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் சிரம்பான், செண்டாயான், நீலாய் என்று வழிநெடுகத் தொழிற்பேட்டைகள்தான்.

முகவர்கள் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவது என் நோக்கமன்று. அவர்களுக்கு எண் சொல்லும் முன்கணிப்புக் கருவியைப் பற்றி ஒன்றைத்தான் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கருவி பார்ப்பது விற்றதை. நமக்குத் தெரிய வேண்டியது மக்கள் கேட்டதை. இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை உணர்ந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வாங்கும் அதிகாரத்தை முகவரிடம் முழுதாகக் கொடுப்பது தவறு. அந்த ஒருவராக நம் மாணவர்கள் வளர வேண்டும் என்பதே என் கருத்து.

முகவர் யார், கருவி எது?

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியிடம் கேள்வி கேட்டால் பதில் தரும். அதே மாதிரிக்குச் சில கருவிகளையும் கொடுத்து, “இந்த வேலையை நீயே முடி” என்று விட்டால் அது முகவர் ஆகிறது. கிடங்கு முகவரின் கையில் பொதுவாகச் சில கருவிகள் இருக்கும். ஒன்று இருப்பு எவ்வளவு என்று பார்க்கும். ஒன்று வரும் வாரங்களின் தேவையைக் கணிக்கும். மற்றொன்று மொத்த வியாபாரிக்குக் கொள்முதல் ஆணை அனுப்பும்.

இங்கே கவனிக்க வேண்டியது, கணிப்பைச் செய்வது மொழி மாதிரி அன்று. சொற்களைக் கோப்பதில் அது வல்லது. ஆயிரம் நாள் விற்பனையைக் கூட்டிக் கழித்துப் போக்கைக் கண்டுபிடிப்பது அதன் தொழில் இல்லை. அதற்குத் தனிப் புள்ளியியல் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் சில உங்கள் தாத்தா காலத்தவை. அண்மைய விற்பனைக்கு அதிக எடை, பழைய விற்பனைக்குக் குறைந்த எடை கொடுத்துச் சராசரி எடுக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படைக்காகப் பணியாற்றிய ராபர்ட் பிரவுன் என்பவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களின் இருப்பிடத்தைக் கணிக்க இதைப் பயன்படுத்தினார். பின்னர் 1950-களில் உதிரிப் பாகங்களின் தேவையைக் கணிக்க அதையே விரிவாக்கினார். இன்றும் பல கிடங்கு மென்பொருள்களின் அடித்தளத்தில் இந்த முறை இருக்கிறது.

ஆக, முகவர் கேட்கிறது, கருவி எண் சொல்கிறது, முகவர் அந்த எண்ணை நம்பி ஆணை அனுப்புகிறது. எண் தவறானால் அதன்பின் நடக்கும் எல்லாம் தவறு.

பிழையே இல்லாத தவறு

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கடையில் மானிய விலையில் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் விற்கிறார்கள். சரக்கு இருக்கும் நாளெல்லாம் 20 பொட்டலம் போகிறது. ஆனால் கடந்த பத்து நாளில் நான்கு நாள்தான் சரக்கு இருந்தது. ஆறு நாள் அலமாரி காலி. கணினியில் பதிவானது என்ன? பத்து நாளில் 80 பொட்டலம். நாளொன்றுக்குச் சராசரி 8.

கருவி இந்தப் பதிவை மட்டும் பார்த்து, “அடுத்த ஏழு நாளுக்கு 56 போதும்” என்கிறது. முகவர் 56 பொட்டலம் வாங்குகிறது. திங்கள் 20, செவ்வாய் 20, புதன் மிச்சமிருந்த 16. வியாழன் முதல் ஞாயிறு வரை மறுபடியும் காலி. வார இறுதியில் முகவர் தன் அறிக்கையை எழுதுகிறது: கணித்தது 56, விற்றது 56, பிழை பூச்சியம்!

நிர்வாகி அந்த அறிக்கையைப் பார்த்து மகிழ்வார். ஆனால் அந்த வாரம் உண்மையில் தேவைப்பட்டது 140 பொட்டலம். 84 பொட்டலத்துக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். அவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. கேட்டுவிட்டுக் கிடைக்காமல் போனவருக்கு ரசீது அடிப்பதில்லை அல்லவா? அடுத்த வாரமும் கருவி 56 என்றுதான் சொல்லும். அடுத்த வாரமும் அது ‘சரியாகவே’ இருக்கும்.

இதனால்தான் இது ஆபத்தானது. பிழை கண்ணுக்குத் தெரிந்தால் யாராவது திருத்துவார்கள். இந்தப் பிழை வெற்றிபோலத் தோற்றமளிக்கிறது. பழைய தோட்டக் கடைக்காரருக்கு இது நேராது. “எண்ணெய் இருக்காண்ணே?” என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போன முகங்களை அவர் பார்த்தார். 555 புத்தகத்தில் அது எழுதப்படவில்லை என்றாலும் மனத்தில் பதிந்தது.

கருவிக்கு இதைப் புரியவைக்கவே முடியாதா? முடியும். எந்தெந்த நாள் சரக்கே இல்லை என்ற தகவலைக் கொடுத்தால், நல்ல கருவி அந்த நாள்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடும். 80-ஐப் பத்தால் வகுக்காமல் நான்கால் வகுத்து 20 என்று சொல்லும். ஆனால் அந்தத் தகவலை யார் தருவது? கணினியில் “இருப்பு 6” என்று இருக்கும்; அலமாரியில் ஒன்றும் இருக்காது. உடைந்திருக்கலாம், திருடு போயிருக்கலாம், வேறு வரிசையில் வைக்கப்பட்டிருக்கலாம். கையில் ஸ்கேனருடன் வரிசை வரிசையாக நடந்து எண்ணுகிற தொழிலாளி சொன்னால்தான் உண்மை தெரியும். கிடங்கில் மிகக் கீழ்நிலையாகக் கருதப்படும் அந்த வேலைதான், மேலே இருக்கும் விலையுயர்ந்த கருவி பார்க்கிறதா குருடாக இருக்கிறதா என்பதை முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டு மருந்துக் கிடங்குகள்

தேவையைச் சரியாக அறிய மிக நவீனக் கருவி வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்குவதற்காக 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் ஓரிடத்தில் ஒப்பந்தம் போட்டு மருந்து வாங்குவது, மாவட்டக் கிடங்குகளில் வைப்பது, அங்கிருந்து மருத்துவமனைகளுக்குக் கொடுப்பது என்பது அதன் வழிமுறை.

அங்கே ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புள்ள மருந்து என்று அதில் ஒதுக்கீடு இருக்கும். அந்த வரம்புக்குள் எந்த மருந்து எவ்வளவு தேவை என்று முடிவு செய்வது மருத்துவமனை. எடுக்க எடுக்கப் பாஸ்புக்கில் பதிவாகும். கிடங்குகளின் இருப்பு கணினி வழியாகத் தலைமையகத்துக்குத் தெரியும். கிடங்கில் சுமார் மூன்று மாதத் தேவைக்கான மருந்து கைவசம் இருக்க வேண்டும் என்பது விதி. அளவு குறையும்போது புதிய கொள்முதல் ஆணை போகும். இந்த அமைப்பைப் பின்பற்றிக் கேரளா, ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் தங்கள் மருந்துக் கழகங்களை அமைத்தன.

இதில் செயற்கை நுண்ணறிவு ஏதும் இல்லை. இருந்தவை வேறு மூன்று. தேவையைச் சொல்பவர் நோயாளிக்கு அருகில் இருப்பவர். கணிப்பு தவறினாலும் தாங்கிக்கொள்ள மூன்று மாதக் கைவசம் உண்டு. எந்தப் பதிவுக்கு யார் பொறுப்பு என்பதும் தெரியும். இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் ஒரு முகவரைச் சேர்த்தால் வேலை வேகமாகும். மூன்றும் இல்லாத இடத்தில் சேர்த்தால் தவறுதான் வேகமாகும்.

தீபாவளி எந்த மாதம்?

முன்கணிப்புக் கருவிகள் கடந்த காலத்தில் திரும்பத் திரும்ப வரும் போக்கைத் தேடுகின்றன. ஆண்டுதோறும் அதே வாரத்தில் விற்பனை கூடினால், இந்த ஆண்டும் கூடும் என்று எடுத்துக்கொள்கின்றன. டிசம்பர் 25-ஐ விட்டு நகராத கிறிஸ்துமஸுக்கு இது சரி. நமக்கு?

தீபாவளி 2022-இல் அக்டோபர் 24. 2023-இல் நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. சீனப் பெருநாளும் தைப்பூசமும் தங்கள் கணக்கில் வருகின்றன. பண்டிகை நாள்களைத் தனியாகச் சொல்லித் தராத கருவி, 2025-ஐப் பார்த்து 2026-க்குக் கணித்தால், முறுக்கு மாவும் நெய்யும் ஏறத்தாழ மூன்று வாரம் முன்னதாகவே வந்து குவியும். தீபாவளி வாரத்துக்கு என்று தனியாக எதுவும் வராது.

பண்டிகைப் பட்டியலை ஏற்றுக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. ஃபேஸ்புக் நிறுவனம் 2017-இல் இலவசமாக வெளியிட்ட ‘புராஃபெட்’ அவற்றுள் ஒன்று. ஆனால் பட்டியலை ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் செய்தி. சிற்றூர் ஒன்றில் நடக்கும் கோயில் திருவிழாவை அது தானாகத் தெரிந்துகொள்ளாது. யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் அனுபவத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நம் பள்ளித் தவணை 2022 முதல் சில ஆண்டுகள் மார்ச்சில் தொடங்கியது. 2025-இல் பிப்ரவரிக்கு நகர்ந்தது. 2026-இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. மார்ச்சைப் பார்த்துப் பழகிய கருவியிடம் பள்ளிச் சீருடைக்கும் காலணிக்கும் கணிப்புக் கேட்டால் என்ன ஆகும்? படிவம் ஒன்று மாணவனுக்குக்கூடத் தெரிந்த செய்தி அதற்குத் தெரியாது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது மக்கள் அரிசியையும் மீ பொட்டலங்களையும் அள்ளிச் சென்றதும் பழைய பதிவுகளில் அப்படியே இருக்கிறது. மார்ச் மாதம் வந்தால் மலேசியர்கள் மீ அதிகமாகச் சாப்பிடுவார்கள் என்று ஒரு கருவி நினைத்தால் அதன்மேல் குற்றமில்லை. அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்லாதவர் குற்றம்.

ஓர் எண் போதாது

“நாளைக்கு எத்தனை விற்கும்?” என்று கேட்டால், “20” என்று சொல்லும் கருவியைவிட, “பெரும்பாலும் 12-லிருந்து 30-க்குள்” என்று சொல்லும் கருவி நேர்மையானது. பல மாணவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். கணினி உறுதியாகச் சொல்ல வேண்டாமா? வேண்டாம். இரண்டு பொருள்களுக்கும் சராசரி 20 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நாள்தோறும் 18-க்கும் 22-க்கும் இடையில் விற்கிறது. மற்றொன்று ஒரு நாள் 5, மறுநாள் 60. சராசரி ஒன்றுதான், ஆனால் இரண்டாவது பொருளுக்குக் கைவசம் அதிகம் வைக்க வேண்டும். படிவம் நான்கு கணிதத்தில் வரும் திட்ட விலக்கம் இதைத்தான் அளக்கிறது. “இதைப் படித்து வாழ்க்கையில் என்ன பயன்?” என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடங்குகளில் இருக்கிறது.

எல்லை தெரிந்தபின், அதற்குள் எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? அதைத் தீர்மானிப்பது, மிஞ்சினால் வரும் நட்டமும் குறைந்தால் வரும் நட்டமும். இந்தத் துறையில் இதற்குப் பெயரே ‘பத்திரிகை விற்பவர் கணக்கு’. நீங்கள் கையில் வைத்திருக்கும் நாளிதழும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் அச்சாகிறது. கூடுதலாக அச்சடித்தால் மறுநாள் அது பழைய பேப்பர். குறைவாக அச்சடித்தால் வாசகர் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்புவார்.

60 காசுக்கு வாங்கி ஒரு ரிங்கிட்டுக்கு விற்கும் ரொட்டி மிஞ்சினால் 60 காசு போச்சு. குறைந்தால் 40 காசு லாபம் போச்சு. எனவே நடு எண்ணைவிடச் சற்றுக் குறைவாக வாங்குவது நல்லது. அரிசி மிஞ்சினால் அடுத்த வாரம் விற்கலாம். எனவே நடு எண்ணைவிட அதிகமாக வாங்கலாம். மருந்து குறைந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் தமிழ்நாட்டுக் கிடங்குகளில் மூன்று மாதக் கைவசம். கருவி எல்லையைச் சொல்லும். குறைந்தால் யாருக்கு வலிக்கும் என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். மானிய எண்ணெய்ப் பொட்டலம் கிடைக்காதவர் அதைவிட விலை கூடிய போத்தல் எண்ணெயை வாங்க வேண்டியிருக்கும். அந்த வலி கடையின் லாபக் கணக்கில் வராது.

நம்பிக் கெட்டவர்கள்

கருவியின் எண்ணைக் கேள்வி கேட்காமல் பின்பற்றியதன் விலையைப் பெரிய நிறுவனங்களும் கொடுத்திருக்கின்றன. நைக்கி நிறுவனம் 2000-இல் புதிய தேவைக் கணிப்பு மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. சரியாகப் போகாத காலணிகளுக்கு அதிகமாகவும், மக்கள் தேடிய காலணிகளுக்குக் குறைவாகவும் உற்பத்தி ஆணைகள் போயின. 2001 பிப்ரவரியில் நிறுவனம் அறிவித்த விற்பனை இழப்பு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர். அப்போது ஆணைகளை அனுப்பும் முகவர்கள் இல்லை. மனிதர்கள் நடுவில் இருந்தபோதே இந்த நிலை.

முகவரே கடை நடத்தினால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு சோதனை நடந்தது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025-இல் தன் சான் ஃபிரான்சிஸ்கோ அலுவலகத்தில் ஒரு சிறு விற்பனைக் கடையைத் தன் ‘கிளாட்’ மாதிரியிடம் சுமார் ஒரு மாதம் ஒப்படைத்தது. என்ன வாங்குவது, என்ன விலை வைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. ஓர் ஊழியர் டங்ஸ்டன் உலோகத்தாலான கனசதுரக் கட்டி கேட்டார். மற்றவர்களும் கேட்கத் தொடங்கினர். முகவர் அவற்றை வாங்கிக் குவித்து, வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றது. சோதனையின் முடிவில், தொடங்கியபோது இருந்த முதல்கூட முழுதாக இல்லை. இதை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. எண்ணெய்க் கணக்கில், கேட்டவர்கள் கணக்கில் வராமல் போனார்கள். இங்கே கேட்டதெல்லாம் வியாபாரம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. தேவை எது என்று எடைபோடத் தெரியாத கைக்கு இரண்டு பக்கமும் தவறும்.

இன்னொரு சிக்கல், முகவர்கள் பலராகும்போது வரும். கடையின் முகவர் தேவை சற்றுக் கூடியதைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் அதிகமாகக் கேட்கும். மொத்த வியாபாரியின் முகவர் அந்த ஆணையைத் தேவை என்று நம்பி, தன் பங்குக்கு மேலும் கூட்டும். தொழிற்சாலையின் முகவர் இன்னும் கூட்டும். சாட்டையைப் பிடித்த கை சிறிது அசைந்தால் நுனி வெகுதூரம் வீசுவதுபோல, கடையில் தோன்றிய சிறு மாற்றம் தொழிற்சாலையில் பேரலையாகிறது. 1950-களின் இறுதியிலேயே அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஜே ஃபாரஸ்டர் இதை விளக்கினார். குழந்தைகள் பயன்படுத்தும் அளவு ஏறக்குறைய ஒரே சீராக இருந்தும், குழந்தைகளுக்கான அணையாடை ஆணைகள் தாறுமாறாக ஏறி இறங்குவதைப் புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் கண்டது. மனிதர்கள் வாரத்துக்கு ஒருமுறை செய்த இந்தத் தவறை, முகவர்கள் மணிக்கு ஒருமுறை செய்ய முடியும்.

அப்படியானால் கருவி வேண்டாமா?

வேண்டும். பழைய கடைக்காரரைப் புகழ்ந்துவிட்டுக் கணினியைத் தூக்கி எறியச் சொல்வது நியாயமல்ல. அவர் நூறு, இருநூறு பொருள்களைத் தலையில் வைத்திருந்தார். இன்றைய பேரங்காடிக் கிடங்கில் பல ஆயிரம் பொருள்கள். எந்தத் தலையும் அதைத் தாங்காது. அவருக்கும் மறதி உண்டு. வேண்டியவருக்கு எடுத்து வைத்துவிட்டு வேண்டாதவரிடம் இல்லை என்று சொல்வதும் உண்டு. கருவிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

ஆனால் பெரிய கருவி என்றால் நல்ல கருவி என்றும் நினைக்க வேண்டாம். சைப்ரஸ் நாட்டின் நிக்கோசியா பல்கலைக்கழகம் 2020-இல் ‘எம்5’ என்னும் உலகப் போட்டியை நடத்தியது. வால்மார்ட் நிறுவனத்தின் பத்துக் கடைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் விற்பனையைக் கணிக்க வேண்டும். 5,500-க்கும் மேற்பட்ட குழுக்கள் பங்கேற்றன. பழைய எளிய முறைகளில் சிறந்ததை வென்ற குழுக்கள் 7.5 விழுக்காடு மட்டுமே. மற்றவர்கள் எல்லாம் தாத்தா காலத்து முறையிடம் தோற்றார்கள். முதலிடம் பெற்றவர் யார் தெரியுமா? தென் கொரியாவின் கியுங் ஹீ பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். அவர் பயன்படுத்திய மென்பொருள் யாரும் இலவசமாகப் பெறக்கூடியது.

இதிலிருந்து இரண்டு செய்தி. புதிய கருவியை ஏற்கும் முன் எளிய சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து, இந்தத் துறையின் கதவு மாணவர்களுக்குத் திறந்தே இருக்கிறது.

நாம் எந்தப் பக்கம்?

நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோதும், தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனபோதும் நம் மக்களில் பலர் வேறு தொழிலுக்கான பயிற்சி இல்லாமலேயே வெளியேறினார்கள். மரம் சீவுவதில் இருந்த தேர்ச்சி புதிய இடத்தில் செல்லுபடியாகவில்லை. மாற்றம் வருவது தெரிந்தும் அதற்கு ஆயத்தமாக அவர்களுக்கு யாரும் வழி செய்து தரவில்லை.

இப்போது வரும் மாற்றத்தில் இரண்டு வகை வேலைகள் இருக்கும். முகவர் சொல்லும் பெட்டியை, முகவர் சொல்லும் இடத்துக்குத் தூக்கிச் செல்வது ஒன்று. முகவர் சொல்லும் எண் சரியா என்று பார்ப்பது மற்றொன்று. முதல் வேலையில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் அதை மட்டுமே செய்பவர் கருவியின் தவறுக்குப் பதில் சொல்ல முடியாமல், அதன் தவறுக்கு உழைப்பைக் கொடுத்துக்கொண்டிருப்பார். அலமாரி காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தும், “சிஸ்டத்தில் இருக்கிறது” என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பார்.

இரண்டாவது வேலைக்குக் கணினி அறிவியல் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. எஸ்பிஎம் கணிதத்தில் உள்ள புள்ளியியலைப் புரிந்து படித்திருக்க வேண்டும். எக்செல் போன்ற விரிதாளில் சராசரியும் திட்ட விலக்கமும் போடத் தெரிய வேண்டும். அதற்குமேல் வேண்டியது, உள்ளூரில் என்ன நடக்கிறது என்று தெரிந்த கண். தோட்டத்துக் குடும்பங்களில் வளர்ந்த மாணவர்களுக்குச் சம்பள நாளுக்கு முந்திய வாரம் எப்படி இருக்கும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதை எண்ணாக மாற்றிக் கருவிக்குக் கொடுக்கக் கற்றுக்கொண்டால், அது வேறு எவரிடமும் கிடைக்காத தகுதி.

நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியவை உண்டு. முகவர் தானாக அனுப்பும் கொள்முதல் ஆணைக்கு ஒரு வரம்பு வேண்டும். அதைத் தாண்டினால் மனிதர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும். அவர் பெயர் பதிவில் இருக்க வேண்டும். ஓர் எண் மட்டும் சொல்லாமல் எல்லையையும் சொல்லும் கருவியாக இருக்க வேண்டும். சரக்கு இல்லாத நாள்களை விற்பனை இல்லாத நாள்களாகக் கருதக் கூடாது. கிடங்கில் எண்ணுபவர் “இது தவறு” என்று சொன்னால் அது கருவியைச் சென்றடைய வழி இருக்க வேண்டும். இவை பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கைகள் அல்ல.

மாணவர்கள் இதற்கெல்லாம் வேலையில் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். பல பள்ளிகளில் கூட்டுறவுக் கடை இருக்கிறது. அதன் பதிவுப் புத்தகத்தில் வாங்கியது, விற்றது என்று இரண்டு பத்திகள் இருக்கும். மூன்றாவதாக ஒன்றைச் சேருங்கள்: கேட்டும் கிடைக்காதது. நீலப் பேனா கேட்டு இல்லை என்று திரும்பியவர் எத்தனை பேர், எந்த நாளில் என்று ஒரு கோடு போட்டு வாருங்கள். ஒரு தவணை முடிந்ததும் இரண்டு விதமாகக் கணக்கிடுங்கள். விற்றதை மட்டும் வைத்து ஒரு கணிப்பு, மூன்றாவது பத்தியையும் சேர்த்து ஒரு கணிப்பு. அடுத்த தவணையில் எது கடைக்கு உதவியது என்று பாருங்கள். பாடத்திட்டப் பணிக்கும் இது பயன்படும்.

அந்த மூன்றாவது பத்தியை எழுதிப் பழகியவர் நாளை எந்தக் கிடங்குக்குப் போனாலும், முகவர் “பிழை பூச்சியம்” என்று அறிக்கை கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்: “கேட்டுக் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர்?” அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவருக்கு எந்தக் கிடங்கிலும் வேலை இருக்கும்.